செய்கூலி

நகைக்கடை பில்லை ஒருமுறையாவது முழுசாக வாசித்திருப்பீர்கள். தங்கத்தின் எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி, வரி. இதில் தங்கத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அது எங்கோ முடிவாகி வருகிறது. வரியிலும் பேரம் கிடையாது. கடைசியில் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று நாம் கேட்பதெல்லாம் சேதாரத்திலும் செய்கூலியிலும்தான். "செய்கூலி இல்லை" என்று கடைகள் விளம்பரமே செய்கின்றன. செய்தவருக்குக் கூலி இல்லை என்பதை ஒரு சலுகையாக அறிவிக்கிற வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, திருத்தங்கலில் இருக்கிறாள். பேப்பரைச் சுருட்டி ஜிமிக்கி செய்து விற்கிறாள். க்வில்லிங் என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய பேப்பர் நாடாவை ஊசியில் சுற்றி, வட்டமாக ஒட்டி, நடுவில் விரலால் மெதுவாக அழுத்தினால் அது குடைபோலக் குவிந்து எழும். பசை காய்ந்ததும் வார்னிஷ் அடித்து, கீழே மணி கோத்து, மேலே கொக்கி மாட்டினால் ஜிமிக்கி தயார். கையில் எடுத்தால் எடையே தெரியாது.

அவளிடம் வாங்க வருகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "பேப்பர்தானக்கா?"

அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு அநியாயமும் இருக்கிறது. தங்க நகையில் பொருள்தான் விலை, கை வேலை அதன் ஓரத்தில் ஒரு வரி. பேப்பர் நகையில் பொருளுக்கு மதிப்பே இல்லை. அது முழுக்க முழுக்கச் செய்கூலி. கை வேலையை மட்டும் தனியாக எடுத்து விலைக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஜிமிக்கி ஒரு சோதனை. அந்தச் சோதனையை என் ஊர்ப்பக்கம் நூறு வருஷமாக வேறு வேறு பொருட்களில் செய்து பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1

கடையில் போய் நகை எடுக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால், தங்கம் நம்முடையது, கை ஆசாரியுடையது. வீட்டில் இருக்கும் பழைய நகையையோ வாங்கிவைத்த தங்கத்தையோ பத்தரிடம் கொடுத்தால், அவர் உருக்கி அடித்துத் தருவார். தென்மாவட்டத்துக் கிழவிகளின் காதைத் தோள் வரைக்கும் இழுத்த பாம்படமும் தண்டட்டியும் அப்படிச் செய்யப்பட்டவைதான். மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கனசதுரமும் உருண்டையும் முக்கோணமுமாக ஒரு ஜியாமெட்ரி பாக்ஸையே காதில் மாட்டியதுபோல இருக்கும். அத்தனை நுணுக்கத்தைச் செய்தவருக்குக் கிடைத்தது கூலி. நகையில் அவர் பெயர் கிடையாது.

அந்தக் கூலியும் எவ்வளவு பலவீனமானது என்று 1963-இல் தெரிந்தது. சீனப் போர் முடிந்த கையோடு, அந்த ஆண்டு ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் சுத்தமான தங்கத்தில் புது நகை செய்யக் கூடாது. நம் ஊர் நகை 22 காரட். 14 காரட் தங்கம் நம் பத்தர்களின் கைக்குப் பழகியதல்ல, வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன. 14 காரட் கட்டுப்பாடு 1966-இல் தளர்த்தப்பட்டது. 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல்தான் முற்றிலும் நீங்கியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், பொருளின் மேலும் விலையின் மேலும் அதற்கு உரிமை இல்லை என்றால், டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து அதைச் சும்மா உட்கார வைத்துவிடும்.

2

இப்போது சிவகாசிக்கு வருவோம். கை வேலை இங்கே தொழிலாக மாறிய கதை ஒரு ரயில் பயணத்தில் தொடங்குகிறது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், உறவுக்காரர்கள், கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்வதற்காக. சிவகாசி மானாவாரி பூமி. மழை ஏமாற்றினால் வேறு வழி கிடையாது. இன்னொரு பக்கம், 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறியிருந்தது. உள்ளூரில் செய்தால் விற்கலாம் என்ற நிலை. அவர்கள் சில மாதங்கள் அங்கே இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். இயந்திரம் கட்டுப்படியாகவில்லை. கையால் செய்வதற்கு மாறினார்கள். அதுதான் நிலைத்தது.

இதை ஊரில் சொல்லும்போது "உழைப்பால் உயர்ந்தவர்கள்" என்று முடித்துவிடுவார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால் உழைப்பு அந்தக் கரிசல் காட்டில் எப்போதும் இருந்ததுதானே. புதிதாக வந்தவை வேறு சில.

முதலாவது, பெயர். சில ஆண்டுகளில் இருவரும் தனித்தனியாகத் தொழில் செய்யத் தொடங்கினார்கள். அய்ய நாடாருக்கு அணில் மார்க், சண்முக நாடாருக்குக் காக்கா மார்க். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய் "ஒரு அணில் குடு" என்று கேட்கலாம். பெட்டிக்குள் இருக்கும் குச்சி ஒன்றுபோலவே இருந்தாலும், மேலே இருக்கும் படம் ஒருவருக்குச் சொந்தம். அந்தப் படத்தை அடிக்கத்தான் அச்சகம் வளர்ந்தது. தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், அப்புறம் காலண்டர், டைரி. ஒன்றின் தேவையிலிருந்து இன்னொன்று.

இரண்டாவது, பணம். கைமாற்றுக்கு நின்றால் தொழில் ஓடாது. நாடார் வியாபாரிகளிடம் மகமை என்ற பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கைப் பொதுவில் சேர்ப்பது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த பணத்தில் நடந்த பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைக்குத் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று நாம் அறிவது அதுதான்.

மூன்றாவது, வரி. இதை எங்கள் ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள். சிவகாசி தீப்பெட்டி தொடங்கிய அதே காலத்தில், 1923-இல், ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவுக்குள் விம்கோ என்ற பெயரில் நுழைந்தது. சென்னையில் மெட்ரோ ஏறி வடக்குப் பக்கம் கடைசி வரை போனால் வரும் விம்கோ நகர், அவர்களுடைய திருவொற்றியூர் தொழிற்சாலையின் பெயர்தான். உலகத்தின் தீப்பெட்டிச் சந்தையையே கையில் வைத்திருந்த கம்பெனி அது. அதற்கு எதிரே கைத்தொழில் எப்படி நின்றது? 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலையின் அளவைப் பொறுத்து வரி அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டது. சின்ன ஆளுக்குக் குறைந்த வரி. 'கையால் செய்தது' என்பது ஒரு சட்ட வார்த்தையாக, ஒரு வரி விகிதமாக ஆனது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதுகூட கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரல் 1 முதல்தான் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் என்று ஆக்கினார்கள்.

பெயர், பொதுப்பணம், வரிச் சலுகை. இந்த மூன்றும் சேர்ந்தபோது கை வேலை தொழில் ஆனது. ஆனால் தொழில் ஆனவருக்கும், கையால் செய்தவருக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது.

3

எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். "எங்க வேல பாக்குற?" "ஆபீஸுக்குப் போறேன்." சென்னையில் சேர்ந்த புதிதில் நான் ஆபீஸ் போகிறேன் என்று சொன்னபோது, எங்கள் ஆச்சிக்கு மனதில் வந்தது குச்சி அடுக்கும் கட்டைதான்.

ஆபீஸுக்கு வெளியேயும் வேலை நடக்கும். அதுதான் பெட்டி ஒட்டுவது. ஏஜென்ட் அட்டையையும் லேபிளையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, சமையல் முடித்த பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஒட்டுவார்கள். கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பட்டாசுக்குக் குழாய் சுற்றுவதும் இப்படித்தான் பல வீடுகளில் நடந்தது. பேப்பரை ஒரு கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவிக் காயவைப்பது.

என் பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல் பெட்டி ஒட்டியவர். டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே ஒட்டுவார். ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவரிடம் கேட்டால் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் என்று கேட்டால் டக்கென்று சொல்வார். அவருடைய நேரத்துக்கு யாரும் விலை போட்டதில்லை. அதனால் அவரும் அதை எண்ணியதில்லை. எண்ணியதெல்லாம் பெட்டியைத்தான்.

எண்ணிக்கைக்குக் கூலி என்றால், எண்ணிக்கையைக் கூட்ட வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் சேரும். குழந்தைகளின் கையும். 1976-இல், கிராமங்களிலிருந்து குழந்தைத் தொழிலாளர்களை ஏற்றிவந்த பஸ் விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தபோதுதான் வெளியுலகம் சிவகாசியைத் திரும்பிப் பார்த்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது.

அதே 1996-இல், ஜெனீவாவில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அகமதாபாத்தில் இலா பட் 1972-இல் தொடங்கிய சேவா அமைப்பு அதற்காகப் பல வருஷம் போராடியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணும் தொழிலாளிதான், ஆபீஸில் வேலை செய்பவருக்கு இணையாக அவரை நடத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்திட்டு உறுதிசெய்யவில்லை.

ஆக, பெட்டியின் மேல் அணிலுக்கு இடம் உண்டு. ஒட்டியவருக்கு இல்லை. பத்தருக்கு நடந்ததுதான், இன்னும் மலிவான பொருளில், இன்னும் நிறையப் பேருக்கு.

4

க்வில்லிங்கின் பூர்வீகம் ஐரோப்பா. பறவை இறகின் தண்டில் பேப்பரைச் சுற்றியதால் அந்தப் பெயர். கன்னிமாடங்களில், தங்க விளிம்பு வைத்த புத்தகங்களை ஓரம் வெட்டும்போது விழுந்த துண்டுகளைச் சுருட்டிப் புனிதப் படங்களை அலங்கரித்தார்கள் என்று சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு. அவர்களுக்கு நேரம் இருந்தது, அதற்கு விலை போட வேண்டிய அவசியம் இல்லை.

நம் ஊருக்கு அது நகையாக வந்தது 2010-களில். டெரகோட்டா, பட்டுநூல் வளையல், க்வில்லிங் என்று ஒரு அலை. யூடியூப் பார்த்து, பத்து நாள் வகுப்புக்குப் போய், தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் இதைச் செய்தார்கள். அக்காவும் அப்படித்தான். பி.காம். முடித்து, ஒரு அச்சகத்தில் பில் போடும் வேலையில் இருந்தாள். அங்கே கட்டிங் மெஷினுக்குக் கீழே கலர் கலராகப் பேப்பர் துண்டு விழும். கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போவது. அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்துதான் முதல் ஜிமிக்கி செய்தாள். புத்தக ஓரத்தைச் சுருட்டிய கன்னியாஸ்திரீகளைப் பற்றி அப்போது அவளுக்குத் தெரியாது.

சிவகாசியில் பேப்பர் சுருட்டுவது யாருக்கும் புதிதில்லை. "இதென்ன, குழாய் சுத்துறதுதான? மருந்து போடாம விட்டுருக்க" என்று பெரியம்மா சிரித்தார். உண்மைதான். அசைவு ஒன்றேதான். ஓர் ஊரில் பொழுதுபோக்கு, இன்னோர் ஊரில் கூலி.

பொழுதுபோக்கு வருமானமாக மாறியது 2018-இல். அந்த ஆண்டு அக்டோபர் 23-இல் பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. டெல்லியின் காற்று மோசமாக இருந்தது, அதில் பொய் இல்லை. பட்டாசு ஆபீஸ்களில் உயிர் போவதும் எங்களுக்குத் தெரியாததல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். ஆனால் அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, பேக்கிங்கில் இருந்த எங்கள் அத்தானும் வீட்டில் உட்கார்ந்தார். அக்காவின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் ஸ்கூல் பீஸுக்கும் பத்தவில்லை. அதுவரை பிறந்தநாளுக்கும் சடங்குக்கும் சும்மா செய்து கொடுத்த ஜிமிக்கிக்கு அவள் முதல்முறையாக விலை சொன்னாள். 120 ரூபாய்.

"எப்படி 120-னு முடிவு பண்ணின?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

5

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எக்ஸெல் ஷீட். ஒரு லீவில் ஊருக்குப் போனபோது இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

பேப்பர், கொக்கி, மணி, பசை, வார்னிஷ், டப்பா எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு 28 ரூபாய். மிச்சம் 92. இது அவளுக்கு லாபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நேரத்தையும் எழுதச் சொன்னேன். சுருட்ட, ஒட்ட, வார்னிஷ் அடிக்க இரண்டு மணி நேரம். போட்டோ எடுக்க, இன்ஸ்டாகிராமில் போட, "இதே டிசைன்ல பச்சை இருக்கா சிஸ்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல, கூரியர் ஆபீஸுக்குப் போய்வர, சராசரியாக ஒரு ஜோடிக்கு இன்னொரு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு 92 ரூபாய். மணிக்கு 30 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் சுமார் 40. கண்மாய்க் கரையில் மண் அள்ளுவதைவிடக் குறைவான கூலிக்குத்தான் அவள் பிசினஸ் நடத்திக்கொண்டிருந்தாள்.

பொழுதுபோக்காகச் செய்ததைத் தொழிலாக மாற்றுவது பற்றி இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். லோகோ வை, ரீல்ஸ் போடு, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடு. எல்லாம் தேவைதான். ஆனால் பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எக்ஸெல் ஷீட்டில் இருக்கும் நேரம் என்கிற ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. பெரியம்மா எண்ணாமல் விட்டதும் அதைத்தான். இஷ்டப்பட்டுச் செய்த காலத்தில் நேரத்தை எண்ணாமல் பழகிய கை, விற்கும்போதும் எண்ணாது. சந்தைக்கு அது ரொம்ப வசதி.

விலையை 180 ஆக்கினாள். இப்போது மணிக்கு 50 ரூபாய் வரும். பாதிப் பேர் காணாமல் போனார்கள். மீதிப் பேர் வாங்கினார்கள். டிசைனைக் காப்பியடித்து 99-க்கு விற்கும் பக்கங்கள் எப்போதும் இருக்கும், அதற்கு மருந்து இல்லை. டப்பாவுக்குள் வைக்கும் அட்டையில் பெயரைப் போட்டாள். அட்டை அடித்தது அதே அச்சகத்தில்.

அய்ய நாடார், சண்முக நாடாருக்கு இருந்த மூன்றில் அவளுக்கு எத்தனை இருக்கிறது என்று அன்றைக்கு யோசித்தேன். பெயர் இருக்கிறது. வரி விஷயத்திலும் ஓரளவு வழி இருக்கிறது. பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆனால் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்றால் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம் என்று ரொம்ப நாள் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கலால் வரி அடுக்குகள் அன்றைக்குக் கைத் தீப்பெட்டிக்குச் செய்ததன் சின்னத் தம்பி இது.

இல்லாதது மகமை. தனித்தனி வீட்டில், தனித்தனி போனில், ஒருவர் விலையை ஒருவர் குறைத்துக்கொண்டு இருக்கிறார்கள். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடன் பழக்கத்தைக் கொண்டுவந்தன. மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வளாகங்கள் இருக்கின்றன. கடன் கிடைக்கிறது. விலையைச் சேர்ந்து முடிவு செய்கிற பழக்கம்தான் வரவில்லை.

6

ஒரு கல்யாண வீட்டிலிருந்து ரிட்டர்ன் கிஃப்டுக்கு ஆர்டர் வந்தது. 300 ஜோடி, ஜோடி 80 ரூபாய் வீதம், 25 நாளில். எளிய டிசைன், ஒன்றரை மணி நேர வேலை. மொத்தமாக வாங்கினால் பொருள் செலவு 24 ரூபாய். தனியாகச் செய்ய முடியாது. தெருவில் மூன்று பேரைக் கூப்பிட்டாள். மூவரும் முன்பு பெட்டி ஒட்டியவர்கள், குழாய் சுற்றியவர்கள். அரை நாளில் அவளைவிட வேகமாகக் கை பழகிவிட்டது.

அதில் மூத்தவர் கேட்டார்: "குரோஸுக்கு எவ்வளவு தருவ, தாயி?"

அக்கா என்னிடம் போனில் இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. "தம்பி, எங்கம்மா ஏஜென்ட்கிட்ட கேக்குறது இது. இப்ப நான் ஏஜென்ட்டா?"

கணக்கு இப்படி இருந்தது. 80-இல் பொருளுக்கு 24 போனால் 56. டிசைன், கொக்கி மாட்டுவது, சரிபார்ப்பது, பொறுப்பு இதற்கெல்லாம் அவள் 26 எடுத்தால், சுருட்டுகிறவருக்கு 30. ஒன்றரை மணி நேரத்துக்கு 30. அதாவது மணிக்கு 20. கல்யாண வீடு பேசிய பேரம் கடைசியில் அந்த மூத்த அம்மாவின் கையில் போய் விடிந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது.

இதே முச்சந்தியில் வேறு பலரும் நின்றிருக்கிறார்கள். 2005-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி, கையால் செய்ததை விற்கும் இணையச் சந்தையாகப் பெயர் வாங்கியது. 2013 அக்டோபரில், விற்பவர்கள் ஆள் வைத்துக்கொள்ளலாம், வெளியே கொடுத்தும் தயாரிக்கலாம் என்று விதியை மாற்றியது. டிசைன் உன்னுடையதாக இருந்தால் அது 'கைத்தயாரிப்பு' என்றது. யாருடைய கை என்பது அதோடு மங்கிப்போனது. அதற்கு ரொம்ப முன்னால், 1959 மார்ச்சில், பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். லிஜ்ஜத் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அப்பளம் உருட்டுகிறவரே பங்குதாரர். தினக்கூலியும் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்.

அக்கா லிஜ்ஜத் தொடங்கவில்லை. அவளால் முடிந்ததைச் செய்தாள். மணிக்கு 40 என்று வைத்து, ஜோடிக்கு 60 ரூபாய் சுருட்டுகிறவருக்கு என்று முதலில் எழுதினாள். அதற்கு மேல் பொருளுக்கு 24, தனக்கு 26. மொத்தம் 110. கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, 80-க்கு முடியாது, 110 என்றாள். அவர்களுடைய பட்ஜெட் 24,000. இரண்டு நாள் இழுத்தடித்து 200 ஜோடிக்கு ஒத்துக்கொண்டார்கள், 22,000. மிச்ச நூறு பேருக்கு வேறு ஏதோ கொடுத்திருப்பார்கள். மூன்று பேருக்கும் தலைக்கு 4,000 ரூபாய் கிடைத்தது. அக்காவுக்கு 5,200. 300 ஜோடியை 80-க்கு எடுத்திருந்தால் அவளுக்கு 7,800 கிடைத்திருக்கும். அந்த 2,600 வித்தியாசம் அவளுக்குச் சின்னத் தொகை இல்லை.

இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மணிக்கு 40 ரூபாய் என்பது ஒன்றும் பெருமைப்படுகிற கூலி இல்லை. அடுத்த கல்யாண வீடு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் கூலியை மிச்சத்தில் போடாமல் முதல் வரியில் எழுதிய ஒரு பில்லை என் ஊரில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போன ஆடியில் அந்த மூவரில் இளையவள் தனியாக ஒரு பக்கம் தொடங்கினாள். அவளுக்கென்று ஒரு பெயர், ஒரு லேபிள். அக்காவின் டிசைன் இரண்டு மூன்று அதில் இருந்தது. இரண்டு நாள் அக்கா அவளிடம் பேசவில்லை. "அணிலும் காக்காவும் பிரிஞ்ச ஊருதானக்கா இது" என்றேன். சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, மணியும் கொக்கியும் மொத்தமாக வாங்கும் மதுரைக் கடையின் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்.

"என்ன டிசைன் வேணா பண்ணு. நூத்தி எம்பதுக்குக் கீழ மட்டும் விக்காத."